பாக்கியத்தின் பணம் பத்திரமாக இருக்கிறதாம்

போன செவ்வாய்க்கிழமை ஈப்போவில் ஒரு ஹோட்டலில் மத்திய வங்கி அதிகாரி ஒருவர் பேசினார். பத்திரிகைக்காரன் என்ற முறையில் நானும் போயிருந்தேன். ஏர்கண்டிஷன் குளிரில் விரல் விறைத்தது. கேக் நன்றாக இருந்தது.

மந்தம் முடிந்துவிட்டதாம். பொருளாதாரம் எழுந்து உட்காருகிறதாம். நிதித்துறை நிலையாக இருக்கிறதாம். மக்களிடம் வைப்புத்தொகை வாங்கிய சில கூட்டுறவுச் சங்கங்களை முடக்கியதுகூட, அந்த மக்களின் பணத்தைக் காப்பாற்றத்தானாம்.

கையைத் தூக்கினேன். "அந்தப் பணம் எப்போது திரும்பக் கிடைக்கும்?"

"ஆய்வு நடக்கிறது" என்றார், சிரித்த முகத்தோடு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் காலை, எங்கள் சுங்கை சிப்புட்டில், முடக்கப்பட்ட ஒரு சங்கத்தின் ஷட்டர் முன்னால் பாக்கியம் நின்றுகொண்டிருந்தார். ரப்பர் தோட்டத்தில் இருபது வருஷம் பால் மரம் வெட்டியவர். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றுவிட்டார்கள். மாதக் கடைசிக்குள், தோட்டத்தில் குடியிருக்கும் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். தோட்டம் கொடுத்த நஷ்டஈட்டை ஒரு மலிவு வீட்டுக்கு முன்பணமாகக் கட்ட வைத்திருந்தார். அது மொத்தமும் அந்தச் சங்கத்தில்.

"நோட்டீஸ்ல என்னாண்ணே போட்டிருக்கு?"

மலாயில் இருந்ததைப் படித்துச் சொன்னேன். ஆய்வு முடியும்வரை காத்திருக்க வேண்டும்.

"நான் காத்திருப்பேன்லா. லயத்தை இடிக்க வர்றவன் காத்திருப்பானா?"

இதற்கு அந்த ஹோட்டலில் யாரிடமாவது பதில் இருந்ததா? இத்தனை வருஷம் சங்கத்தை யார் மேற்பார்வை பார்த்தது? அது வேறு இலாகாவாம். ஆளுக்கொரு நாற்காலி, ஆளுக்கொரு கோப்பு... பறிகொடுக்க மட்டும் பாக்கியம். இவர் நடுத்தெருவுக்கு வந்தபிறகு எது நிலையாக இருந்து யாருக்கு என்ன லாபம்?

"பேங்க்ல போட்டிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"பேங்க்ல பாரம் நிரப்பத் தெரியலன்னா கவுண்டர்லயே ஏசுவான். சங்கத்து ஆளு சம்பளத்தன்னிக்குத் தோட்டத்துக்கே வந்து வாங்கிட்டுப் போவாரு. அதோட, அம்மன் திருவிழாவுல அவருக்குத்தானே மொத மரியாதை?"

ஆளை எடைபோட எங்கள் பக்கம் இந்த ஒரு தராசுதான். கோயிலில் முதல் மரியாதை வாங்கியவர் ஏமாற்ற மாட்டார் — இல்லை என்று மத்திய வங்கியே வந்து சொன்னாலும் நம்ப மாட்டோம். அந்த மரியாதை எதற்குக் கிடைத்தது? சங்கத்தின் பேரில் அவர் கொடுத்த நன்கொடைக்கு. நன்கொடை யாருடைய பணம்? அதை அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

எனக்குக் கோபம் தாங்கவில்லை. "அந்த மனுஷன நம்பச் சொல்லி உனக்கு யாரும்மா சொன்னது?"

பாக்கியம் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்கதாண்ணே. நல்ல மனுஷன்னு திருவிழாவுல மைக்ல பேசி, மாலையும் நீங்கதானே போட்டீங்க? அதுக்கு அடுத்த வாரந்தான் நஷ்டஈட்ட அப்படியே கொண்டுபோயிக் கொடுத்தேன்."

அந்த அதிகாரிக்காவது ஆய்வு நடக்கிறது என்று சொல்லத் தெரிந்தது. நான் ஷட்டரில் இருந்த நோட்டீஸை மறுபடியும் முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.