தண்ணி குடிக்காத மோட்டார்

நீச்சல் குளத்தின் ஆழமான பக்கத்து ஓரத்தில் குனிந்து, அடித்தரையில் பதித்திருக்கும் கறுப்புச் சல்லடை தெரிகிறதா என்று பார்க்கிறார் சோலையம்மாள். அது தெரிந்தால்தான் கேட்டைத் திறப்பார். முதுகுவலிக்கு டாக்டர் சொல்லி நீந்த வருகிறவன் நான். துண்டும் கையுமாக வெளியே நின்று அவரை மனசுக்குள் எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். இன்று என்னையும் உள்ளே கூப்பிட்டுக் காட்டினார்; திட்ட வாய் வரவில்லை. சல்லடை தெரியவே இல்லை.

சமயநல்லூர் தாண்டி ரோட்டோரமாக இருக்கும் இந்த நீச்சல் குளத்தில் கூட்டுவது, மருந்து போடுவது, மோட்டார் ஓட்டுவது எல்லாம் அவர்தான். வேடிக்கை என்னவென்றால், அவருக்கு நீச்சல் தெரியாது. "எனக்குக் கண்ணு மட்டுந்தேண்ணே. ஒரு பிள்ளை அடியில போயிருச்சுன்னா நான் பாத்துக் கத்தணும்ல?" என்பார். நீச்சல் மாஸ்டர் இருக்கிறாரே என்றால், "அவருக்கும் ரெண்டு கண்ணுதேன். பிள்ளைக அம்புட்டு இருக்குக" என்று வாயை அடைத்துவிடுவார்.

ஆயுத பூஜைக்கு நிறுத்திய மோட்டார் அதன் பிறகு தண்ணீர் இழுக்கவில்லை. ஓடுகிறது, உறுமுகிறது. மோட்டாரின் முன்பக்கக் கண்ணாடி மூடி வழியாகப் பார்த்தால் உள்ளே வெறும் குமிழிதான். சுத்திகரிப்பு நின்றுபோய், குளம் பயறு வேகவைத்த தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. பள்ளிக்கூட லீவு வேறு. நாளைக் காலை பிள்ளைகள் வந்து குவிவார்கள்.

மோட்டார் அறையில் அவர் பாடு பெரும்பாடு. மூடியைக் கழற்றி வாளித் தண்ணீரை உள்ளே ஊற்றுகிறார். "குடிச்சுருய்யா ராசா, எம் மானத்த வாங்காதய்யா." சோறு ஊட்டும் குரல். ஸ்விட்சைப் போடுகிறார். மறுபடி குமிழி. "எடுபட்ட பயலே!" என்று குரல் மாறிவிடுகிறது. மூடிக்குள் குப்பையைத் தடுக்கும் கூடையைக் கழுவியாயிற்று, வால்வைத் திருகிப் பார்த்தாயிற்று. நானும் உதவுகிறேன் பேர்வழி என்று வாளியைத் தட்டிவிட்டு வசவு வாங்கினேன்.

"எங்கிட்டோ காத்து இழுக்குதுண்ணே" என்றவர், பூஜையில் மிஞ்சிய ஊதுபத்தியைக் கொளுத்தி, மோட்டார் ஓட ஓட, குழாய் இணைப்பு ஒவ்வொன்றின் பக்கத்திலும் பிடித்தார். எங்கும் புகை நேராகத்தான் எழுந்தது. கண்ணாடி மூடியின் விளிம்புக்கு வந்ததும் வளைந்து உள்ளே போனது.

மோட்டாரை நிறுத்தி, மூடியைக் கழற்றி, ரப்பர் வளையத்தை எடுத்தார். அடியில் காய்ந்து வெடித்த சந்தனம். மேலே ஒரு பொட்டு வைத்தால் போதாதென்று, பூஜையன்று விளிம்பு நெடுகப் பூசி, அதன்மேல் மூடியைப் பூட்டியிருக்கிறார் மகராசி!

"அடி ஆத்தீ! எல்லாம் எங்கைவேலையா?" அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நல்லா ஓடணும்னுதானண்ணே பூசுனேன்... நானே காத்த உள்ள விட்டுருக்கேன் பாருங்க." சந்தனத்தைச் சுரண்டும் முன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்தார், முந்தானையால் துடைத்தார், வளையத்தைப் பொருத்தி, தண்ணீர் ஊற்றி மூடினார். ஸ்விட்சைப் போட்டதும் சத்தம் கனத்தது. குமிழிகள் ஒதுங்கி, மூடிக்குள் தண்ணீர் நிறைந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் என் தோளில் ஓர் அடி வைத்தார். நல்ல கனமான கை.

அந்த நேரம் பார்த்து முதலாளி பாலசுந்தரம் வந்தார். டவுனில் சேலைக்கடை. தங்கமான மனுஷன், போன் அடித்தால் மட்டும் பதறிவிடுவார். குளம் எப்போது திறக்கும் என்று கேட்டு அது காலையிலிருந்து அடித்துக்கொண்டே இருக்கிறதாம்.

"ஓடிருச்சா? அப்பாடா! காலைல கேட்டத் தொறந்துரு சோலை."

"தெளிய நாளைக்குப் பொழுது சாயும் மொதலாளி."

"லேசாப் பச்சையா இருந்தா என்ன? பிள்ளைக ஆசையா வருதுக. மாஸ்டரும் இருக்காருல்ல?"

"தப்பு எம்மேலதேன். என்னைய வையுங்க. பிள்ளைகள விடாதீக."

"ஒண்ணும் ஆகாது சோலை. நீ சும்மா பயப்படுற."

சோலையம்மாள் அவரைக் குளத்துக்குக் கூட்டிப்போனார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, குளத்து ஓரத்தில் குப்புறப் படுத்தார். வலது கையைத் தோள் வரைக்கும் தண்ணீருக்குள் விட்டார். முழங்கை மங்கலாகத் தெரிந்தது. அதற்குக் கீழே வளையலும் இல்லை, விரல்களும் இல்லை. முதலாளி குனிந்து தேடினார். கையை வெளியே எடுக்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தார் சோலையம்மாள்.