பத்மினி காரில் விட்ட மாலை

கல்பாக்கத்தில் பல வருடம் சைக்கிளில் வேலைக்குப் போன எனக்குப் பெருமாள் கொடுத்த கார் ஒரு பழைய பத்மினி. முன்சீட்டு பெஞ்சு மாதிரி ஒரே நீளம். கியர் ஸ்டீயரிங் பக்கத்திலேயே இருக்கும். முன்னால் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். என் மகள் எனக்கும் என் மனைவிக்கும் நடுவில் உட்கார்ந்தே வளர்ந்தாள்.

அவளுக்கு வரன் தள்ளிப்போனபோது திருவிடந்தைக்கு அதில்தான் போனோம். கல்யாணத்துக்கு வேண்டிக்கொள்கிறவர்களுக்கு அங்கே பெருமாள் மாலையைத் தருவார்கள். அதைக் கழுத்தில் போட்டு ஒன்பது சுற்று வந்து, பத்திரமாக வைத்திருந்து, கல்யாணம் ஆனதும் அதே மாலையோடு ஜோடியாக வந்து கும்பிட வேண்டும். வீட்டில் எலித் தொல்லை. மாலையைத் துணிப்பையில் கட்டி, காரின் டேஷ்போர்டு பெட்டியில் வைத்துப் பூட்டினேன். அதற்கு மேலேதான் பெருமாள் படம் ஒட்டியிருந்தது. அவர் காலடியிலேயே இருக்கட்டும் என்று நினைத்தேன்.

இரண்டாயிரத்துக்கு அப்புறம் அந்த மாடல் வருவதே நின்றுபோனது. ஒரு சின்ன சாமானுக்கும் ஊர் ஊராக அலைய வேண்டியதாயிற்று. கடைசியில் செங்கல்பட்டு மார்க்கெட் பக்கம் பழைய உதிரி பாகம் விற்கும் பாயிடம் காரைக் கொடுத்தேன். அவருக்குப் பத்மினி என்றால் உயிர். பெருமாள் படத்தைப் பயபக்தியோடு எடுத்துக்கொண்டேன். பெட்டியை மறந்தேன்.

வரன் அமைந்தது, கல்யாணமும் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் காலை ஜோடியாகக் கோயிலுக்குப் போக வேண்டும் என்னும்போது மனைவி கேட்டாள்: "மாலை எங்கங்க?"

காரின் பெட்டியிலேயே விட்டுவிட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சொன்னேன்.

"படத்த மட்டும் கழட்டிகினு வந்தீங்களே, பெட்டியத் தொறக்கத் தெரியலியா? புள்ளைக்கு வேண்டிகினது இப்படியா ஆவணும்?"

உடனே செங்கல்பட்டுக்கு பஸ் ஏறினேன். பாய் கடைக்குப் பின்னால் என் கார் நின்றது. சீட்டு இல்லை, டேஷ்போர்டும் இல்லை. எல்லாம் பிரித்துப் போட்டிருந்தது. மகள் வாழ்க்கைக்கே ஏதோ குறை வைத்துவிட்டேன் என்று கண் கலங்கிவிட்டது.

"இன்னா சார், வண்டியத் திருப்பிக் கேக்க வந்தீங்களா? நடக்காது. இந்த மாதிரி இனிமே எவன் போடுவான்?" என்று பாய் சிரித்தார்.

"பெட்டியில ஒரு மாலை..." என்றேன்.

அவர் உள்ளே குரல் கொடுத்தார். அவர் மனைவி அதே துணிப்பையைக் கொண்டுவந்தார். பூச்சி வராமல் இருக்க நாலு கிராம்பு போட்டு வைத்திருந்தார்.

"சாமி பூவு. யாராச்சும் தூக்கிப் போடுவாங்களா?" என்றார் பாய். "வண்டிய ரெடி பண்ணி, அதுலயே கொண்ணாந்து குடுக்கணும்னு இருந்தேன். வேலதான் இன்னும் முடியல."

நான் கை கூப்பினேன்.

"அத்த வுடுங்க சார். கோயில்ல எனக்காவ ஒண்ணு கேளுங்க. அந்தக் கம்பெனிக்காரன் மனசு மாறி, மறுபடியும் இந்த வண்டியப் போடணும்."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் மகளும் மாப்பிள்ளையும் காய்ந்த மாலையோடு சந்நிதியில் நின்றார்கள். பெருமாளுக்கு மனசார நன்றி சொன்னேன். பாயும் அவர் மனைவியும் நன்றாக இருக்க வேண்டும் என்றேன். பாய் கேட்டதையும் அப்படியே சொன்னேன்.

"இன்னா முணுமுணுக்கறீங்க?" என்றாள் மனைவி.

"பத்மினி கார் திரும்ப வரணும்னு."

"நமக்கா?"

"பாய்க்கு."

அவளும் கண்ணை மூடிக்கொண்டாள்.