ஜெசிந்தா அக்காவின் பழைய வேர்க்ஸ்டேஷன்

ஜெசிந்தா அக்கா இறந்துவிட்டார். ஞாயிறு காலை, செயின்ட்-மிஷேலில், தன் வீட்டில். மாரடைப்பு.

எனக்குத் தெரிந்தது வேலைத்தல வாட்ஸ்அப் குழுவில்தான். "ஜெசிந்தா காலமாகிவிட்டார், நாளைக்கு அவரின் இடத்துக்கு யார் வரலாம்?"

ஒரே வசனம். நடுவில் ஒரு முற்றுப்புள்ளி கூட வைக்கவில்லை.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு வெயர்ஹவுஸ். நானும் அவரும் ஒரே மேசையில் நின்று பெட்டி ஒட்டினோம். மன்னார் ஆள். ஏஜென்சி மூலம் வந்தவர், இத்தனை வருடம் கழித்தும் நிரந்தரமில்லாத ஏஜென்சி ஆள்தான்.

வெள்ளிக்கிழமை நெஞ்சுக்குள் ஏதோ செய்கிறது என்றார். வீட்டுக்குப் போங்கோ அக்கா என்றேன். "போனா அடுத்த கிழமை கூப்பிடமாட்டாங்களடா" என்றார்.

அதையும் இங்கே எழுதி வைக்கிறேன். யாருக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை.

"அமைதியான மனுசி" என்று பலர் இங்கே அஞ்சலி போட்டிருக்கிறீர்கள். அமைதியா? சனிக்கிழமை பின்னேரங்களில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஸொம்பிகளைச் சுட்டுத் தள்ளியவர் அவர்.

மகள் மெலனி கியூபெக் சிட்டியில் படிக்கிறாள். போன் எடுத்தால் சாப்பிட்டேன், படிக்கிறேன், பை... அவ்வளவுதான். ஆனால் சனிக்கிழமைகளில் அவளும் இரண்டு தோழிகளும் ஒன்லைனில் விளையாடுவார்கள். நான்கு பேர் டீம், ஓர் இடம் காலி.

அந்த இடத்தில் போய் நின்றால் மகள் கதைப்பாள். அக்கா அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

அந்த நேரம் எங்கள் வெயர்ஹவுஸ் ஒஃபிஸில் வரைபடம் போடுகிறவர்களுக்குப் புதுக் கொம்பியூட்டர்கள் வந்தன. பழைய வேர்க்ஸ்டேஷன்களைக் கொண்டுவந்து லொறி ஏற்றுகிற இடத்தில் குப்பை போல அடுக்கினார்கள். அக்கா நேரே சுப்பவைசரிடம் போனார். அவரும் தமிழர்தான்.

"உங்களுக்கு ஏன் அக்கா இது? சீரியல் பாக்கவோ?"

"இல்லைத் தம்பி, சுடுறதுக்கு. முதல் ஆளா உம்மைத்தான் யோசிச்சு வைச்சிருக்கிறன்."

மேசையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். சுப்பவைசரும் சிரித்தார். கொம்பியூட்டர் கிடைத்தது.

நல்ல மெஷின். பிராசஸர், மெமரி எல்லாம் தாராளம். ஆனால் உள்ளே இருந்தது சுழல்கிற பழைய ஹார்ட் டிஸ்க். விளையாட்டு லோட் ஆகி முடிவதற்குள் மற்ற மூன்று பேரும் தொடங்கிவிடுவார்கள்.

"நான் உள்ள போறதுக்குள்ள சனம் முழுக்கச் செத்துப்போயிடுதடா. மகள் பை சொல்லிப்போட்டுப் போயிடுறாள். ஏதாவது செய்."

சூயிங்கம் அளவில் எஸ்.எஸ்.டி. என்று ஒரு புதுவகை டிஸ்க் வருகிறது, சரியான வேகம். அதில் ஒன்றோடு அக்கா வீட்டுக்குப் போனேன். அந்தப் பழைய போர்டில் அதற்கு இடமே இல்லை. அதற்கென்று ஒரு கார்ட் வாங்கி, அதில் பொருத்தி உள்ளே செருகினால், கொம்பியூட்டர் அதிலிருந்து தொடங்க மறுத்தது. அந்தக் காலத்து மெஷினுக்கு இந்தப் புதுச் சாமான் விளங்கவில்லை.

பிறகு விண்டோஸைப் பழைய டிஸ்க்கிலேயே விட்டேன். விளையாட்டை மட்டும் புதியதில் போட்டேன். பழையது மெதுவாகத் தொடக்கி வைக்கும், அதற்குப் பிறகு புதியது ஓடும் என்று விளங்கப்படுத்தினேன்.

"அப்ப பழையவர் பெர்மனன்ட். கதவைத் திறந்துபோட்டு இருப்பார். புதுசு ஏஜென்சி. ஓடி ஓடிச் சாகும்."

முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை அவருக்கு... எனக்குத்தான் தேத்தண்ணி மூக்கில் ஏறியது.

அன்று முதல் தடவையாக மற்றவர்களுக்கு முன்னால் உள்ளே போய் நின்றார். ஹெட்செட்டில் மெலனியின் குரல், பிரெஞ்சில். "மமோ? தே தேஜா லா?" அதற்குள் வந்துவிட்டாயா என்று.

"ஓம். எவ்வளவு நேரமா உங்களைப் பாத்துக்கொண்டு நிக்கிறன்!"

பொய். அப்போதுதான் வந்து கதிரையில் இருந்தார்.

அதற்குப் பிறகு திங்கட்கிழமைகளில் மேசையில் மெலனி கதைதான். சோதனை எப்படிச் செய்தாள், யாரோடு கோபம், யாரோடு படம் பார்க்கப் போனாள். "எல்லாம் சுடேக்கதான் சொல்லுறாள். போனில கேட்டா வாயே திறக்கமாட்டாள்."

நேற்று ஃபியூனரல் ஹோமில் மெலனியைப் பார்த்தேன். முதல் தடவை. அவளே வந்து கதைத்தாள்.

"நீங்கதானே அம்மாவின்ர கொம்பியூட்டரைச் செய்து குடுத்த அண்ணா?"

"ஓம்."

"அம்மா சரியான மோசமா விளையாடுவா."

"தெரியும்" என்றேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது, அந்த இடத்தில்.

பிறகு, இந்தச் சனிக்கிழமை, அக்கா போவதற்கு முதல் நாள், நடந்ததைச் சொன்னாள். விளையாட்டில் எல்லோரும் ஓடித் தப்பவேண்டிய கட்டம். மெலனி செத்து விழுந்துவிட்டாள். தோழிகள் ஓடிவிட்டார்கள். கதவு பூட்டப்போகிறது, அம்மா நீங்கள் ஓடுங்கோ, இது விளையாட்டுத்தானே என்று கத்தியிருக்கிறாள்.

அக்கா ஓடவில்லை. மெலனி விழுந்து கிடந்த இடத்திலேயே நின்று, வந்ததையெல்லாம் சுட்டுக்கொண்டிருந்தாராம். டீம் தோற்றுப்போனது.

"நான் ஏசிப்போட்டன் அண்ணா. உங்களுக்கு ஒண்டும் விளங்காது எண்டு. அம்மா சொன்னா, 'நீ இஞ்ச கிடக்கிறாய், நான் எங்க ஓடுறது?'"

 

வியாழன் காலை தேவாலயத்தில் அக்காவின் அடக்கப் பூசை. வேலையில் லீவு கேட்டேன். குடும்பத்து ஆட்களுக்குத்தான் தரலாம், வராவிட்டால் வேறு ஆளைப் போடுவோம் என்றார்கள்.

போடட்டும்.

வியாழக்கிழமை வாறன், அக்கா.