நாடகம் கேட்டவர்கள்

ஒரு நாடகத்தைக் கண்ணால் பார்க்காமலேயே அது நல்ல நாடகம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட மனிதர் ஒருவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். அவர் சென்னையிலிருந்து வந்தவர். பள்ளிக்கூட நாடகம், கல்லூரி நாடகம், ஊர்க்காரர்கள் கூடிப் போடும் நாடகம் என்று மாநிலம் முழுக்கக் கைகொடுத்து வந்த ஒரு சங்கத்தின் பிரதிநிதி. சங்கம் என்று மட்டும் சொல்கிறேன். அந்த நாளில் எங்களுக்கு அந்த ஒரு சங்கம்தான்.

அறுபதுகளின் தொடக்கம் அது. திண்டுக்கல்லில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் தமிழ் டீச்சர். கோபக்காரி என்று நல்ல பெயர் எடுத்திருந்தேன். எங்கள் பள்ளிக்குச் சங்கம் செய்த உபகாரத்தைச் சொல்லி மாளாது. ஆண்டுவிழா நெருங்கினால் ஜங்ஷனில் எங்கள் பெயருக்கு ஒரு பெரிய தகரப் பெட்டி வந்து இறங்கும். உள்ளே படுதா, கிரீடம், தாடி, வாள், முகத்தில் பூசும் வண்ணம் எல்லாம் இருக்கும். விழா முடிந்ததும் துவைக்க வேண்டியதைத் துவைத்து மடித்து அடுத்த ஊருக்கு ரயிலேற்ற வேண்டும். ஒரு வருஷம் பெட்டியைத் திறந்தால் முனிவர் தாடிக்குள் ஒரு முறுக்குப் பொட்டலம் சுருட்டி வைத்திருந்தது. முகம் தெரியாத ஏதோ ஒரு பள்ளிப் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகளுக்கு வைத்தது. முறுக்கில் இரண்டு மயிர் ஒட்டியிருந்தாலும் என் பிள்ளைகள் விட்டு வைக்கவில்லை. நாங்களும் அடுத்த ஊருக்குக் கடலை மிட்டாய் வைத்து அனுப்பினோம்.

கோடை விடுமுறையில் டீச்சர்களுக்குச் சென்னையில் பயிற்சி முகாமும் நடத்தினார்கள். நானும் போனேன். அங்கே கற்றதில் பாதி மறந்துவிட்டது. மறக்காமல் நின்றது ஒன்று: தெரியாத ஆளை நடிக்காதே, தினமும் பார்க்கிற ஆளை நடி. பின்னால் வந்த வம்பெல்லாம் இந்தப் பாடத்திலிருந்துதான் வந்தது.

தன்னில் சேர்ந்திருக்கும் பள்ளிகள் ஒவ்வொன்றும் பக்கத்தில் ஒரு கிராமத்து நாடகக் குழுவுக்கு உதவ வேண்டும் என்று சங்கம் கேட்டுக்கொண்டது. எங்கள் தலைமையாசிரியை என்னைக் கைகாட்டினார். கோபத்துக்கு ஒரு வடிகால் இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ. திண்டுக்கல்லை அடுத்த ஆத்தூர் தாண்டி ஒரு கிராமம். மல்லிகையும் கத்திரியும் தென்னையுமாக விளைகிற ஊர். அங்கே மாதர் சங்கத்துப் பெண்கள் நாடகம் போட ஆசைப்பட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் நான் பஸ் ஏறிவிடுவேன்.

பெண்கள் ஒப்புக்கொண்டதுபோல அவர்கள் வீடுகள் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார்கள். பொம்பளைகள் நடிக்கட்டும், பொம்பளைகள் பார்க்கட்டும், ஆம்பளை ஒருவர் கண்ணும் படக் கூடாது. நான் குதி குதியென்று குதித்தேன். "வயலில் இடுப்பொடிய நாற்று நடும்போது மட்டும் ஆம்பளை கண் படலாமோ?" என்று கேட்டேன். பெண்கள்தான் என்னை அமர்த்தினார்கள். "மொதல்ல நடக்கட்டும் டீச்சர். சண்டைய அப்புறம் வச்சுக்கலாம்" என்றார்கள். அவர்களுக்கு என்னைவிட அறிவு இருந்தது.

முதலில் ஒரு ராஜா கதையைத்தான் எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு வாரம் உயிரை விட்டோம், அசையவில்லை. "ராசா சாப்புட்டுக் கை கழுவுவாரா, இல்ல அதுக்கும் ஆள் உண்டா?" என்று ஒருத்தி கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. ராஜாவை ஆத்தூர் பஸ்ஸிலேயே திருப்பி அனுப்பிவிட்டு, அவர்களையே ஒரு கதை சொல்லச் சொன்னேன். அரை மணி நேரத்தில் கதை ரெடி. வயலும் மாடும் வைத்திருக்கும் ஒரு சம்சாரி சந்தையில் வெங்காயம் விற்றுவிட்டுத் திண்டுக்கல் பூட்டு ஒன்று வாங்கி வருகிறான். நெல் இருக்கும் அறையைப் பூட்டிச் சாவியை அரைஞாணில் கட்டிக்கொள்கிறான். பெண்டாட்டி ஒவ்வொரு வேளைக்கும் அவனிடம் கையேந்த வேண்டும். ஒருநாள் சாவி தொலைகிறது. அன்றைக்குப் பார்த்துச் சம்பந்தி வீட்டார் வந்து நிற்கிறார்கள். திண்டுக்கல் பூட்டாயிற்றே, லேசில் உடையுமா?

சம்சாரி வேஷம் கட்டிய பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். கரியால் மீசை வரைந்துகொண்டதால் அவளை நான் மீசையக்கா என்றே கூப்பிட்டேன். விடியற்காலையில் பூப்பறித்து, சமைத்து, தண்ணீர் சுமந்து, அதற்கப்புறம்தான் ஒத்திகைக்கு வருவாள். வந்த முதல் நாள் அவள் வாயிலிருந்து காற்றுதான் வந்தது. நான் முகாம் பாடத்தை எடுத்து விட்டேன். "உனக்கு நல்லாத் தெரிஞ்ச ஆம்பளை ஒருத்தரை நினைச்சுக்கிட்டுச் செய் அக்கா."

அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள். பிறகு தொண்டையைச் செருமினாள். தோள் அகன்றது, நடை மாறியது. இல்லாத மாட்டின் கழுத்தைத் தடவி, "அப்பு, கால் வலிக்குதாடா ராசா, தண்ணி குடிச்சியா?" என்று குழைந்தாள். அடுத்த நொடி திரும்பி, பெண்டாட்டி வேஷக்காரியைப் பார்த்து, "ஏய்" என்றாள். அந்த ஒரு சொல்லுக்கு அங்கிருந்த அத்தனை பெண்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். யாரைப்போலச் செய்கிறாள் என்று எனக்குத்தான் தெரியாது. ஊருக்கே தெரியும். அது அவள் வீட்டுக்காரர்.

அவரைப்போலச் செய்ய அவளுக்குப் பயம் இல்லையா என்றால், எதற்குப் பயம்? ஆம்பளைகள்தான் பார்க்கப் போவதில்லையே. நிபந்தனை போட்டவர்களே அந்தத் தைரியத்தையும் கொடுத்துவிட்டார்கள். மற்ற பெண்களும் மாமனார், கொழுந்தன், பெரியப்பா என்று வீட்டுக்கு ஒருவரைக் கொண்டு வந்து மேடையில் நிறுத்திவிட்டார்கள்.

வீடுகள் இந்த ஒரு தடவைக்குத்தான் சம்மதித்திருந்தன. சங்கத்தில் சேர்ந்துவிட்டால் கதையே வேறு. வருஷாவருஷம் பெட்டி வரும், பயிற்சிக்கு ஆள் வரும், சர்க்காரே மதிக்கிற சங்கத்தில் நம்ம ஊர்ப் பெண்கள் என்று பஞ்சாயத்தாரும் வாயை மூடிக்கொள்வார்கள். ஆனால் சேர்வதற்கு முன் சங்கத்துப் பிரதிநிதி ஒருவர் வந்து நாடகத்தைப் பார்க்க வேண்டும் என்பது விதி. ஒத்திகை முடிந்து பஸ்ஸுக்கு என்னோடு நடந்து வரும்போது மீசையக்கா கேட்டாள்: "டீச்சர், அவுக வேண்டாம்னுட்டா இது இந்தத் தடவையோட போயிருமா?" போய்விடும் என்று எனக்குத் தெரியும். "போகாது" என்றேன். அவள் நம்பவில்லை. "இம்புட்டு வயசுக்கு நான் ஒண்ணு கேட்டு நடந்ததில்ல. இது நடந்தாத் தேவல" என்றாள். எனக்கு அழுகை வந்தது. கோபக்காரிக்கு அழுகை வந்தால் என்ன செய்வாளோ அதைச் செய்தேன், பஸ் வந்து நின்றதும் ஏன் இவ்வளவு லேட் என்று கண்டக்டரைத் திட்டினேன்.

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நாடகம். விளக்கு வைப்பதற்குள் எல்லாரும் வீடு திரும்பிவிட வேண்டும். ஊர் ஆரம்பப் பள்ளியின் ஓட்டுக் கட்டடம் பெண்களால் நிரம்பிவிட்டது. சுற்றுக் கிராமங்களிலிருந்து பெண்களை மாட்டுவண்டியில் அழைத்து வந்த ஆண்களும் உள்ளூர் ஆண்களும் தூரத்தில் புளியமரத்தடியில் வண்டியை அவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பஸ் வந்தது. வெள்ளை ஜிப்பாவும் குடையுமாகப் பிரதிநிதி இறங்கினார்.

ஆம்பளை.

மாதர் குழு, ஆம்பளைகள் பார்க்கக் கூடாது என்று நிபந்தனை, என்று நான் எழுதியிருந்தேன். பெண் ஒருவரை அனுப்புவார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். சண்டைக்குத் தயாராகத்தான் அவர் எதிரே போய் நின்றேன். அவர் முந்திக்கொண்டார். "நீங்க எழுதினதைப் படிச்சேம்மா. அனுப்பறதுக்கு எங்ககிட்டே பெண்கள் யாரும் இல்லை. அதுக்கு நாங்கதான் வெட்கப்படணும்." மன்னிப்புக் கேட்கிறவரோடு எப்படிச் சண்டை போடுவது? அந்த வெட்கம் வெறும் வாய்ப்பேச்சும் இல்லை. அடுத்த வருஷமே நாடகம் பார்த்து வரும் வேலையைச் சங்கம் எனக்குக் கொடுத்தது. அதன் புண்ணியத்தில் தஞ்சாவூர், திருநெல்வேலி, சேலம் என்று நான் பார்க்காத ஊர் இல்லை, கல்லூரி விடுதிச் சாம்பாரில் ருசி பார்க்காதது இல்லை.

"கதவுக்கு வெளியே ஒரு நாற்காலி மட்டும் போடுங்க" என்றார் அவர். "நாடகம் எப்படின்னு சனங்க போடற சத்தத்துலேயே பாதி தெரிஞ்சிடும்." அப்படியே போட்டோம். நான் உள்ளே போய்க் கதவைத் தாழிட்டு, கதவிடுக்கு வழியாக இரண்டு பக்கமும் பார்க்கும்படி நின்றுகொண்டேன்.

எவ்வளவு கெட்டிக்காரிகள் கூடினாலும் ஒன்றைக் கோட்டை விட்டுவிடுவார்கள். கதவைச் சாத்தினோம், ஜன்னலைச் சாத்தினோம். சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவே ஒரு முழம் திறப்பு இருந்ததை, பேசுவதெல்லாம் அதன் வழியே வெளியே கேட்கும் என்பதை யாரும் நினைக்கவில்லை. ஆண்கள் புளியமரத்தடியிலேயே இருந்திருந்தால் அதுவும் பரவாயில்லை. சென்னையிலிருந்து வந்த விருந்தாளியை வெயிலில் தனியாக உட்கார வைத்துவிட்டு அவர்களால் எப்படி இருக்க முடியும்? முதலில் ஒருவர் இளநீர் வெட்டிக்கொண்டு வந்தார். மீசையக்காவின் வீட்டுக்காரர்தான். கொடுத்துவிட்டு உடனே திரும்பினால் மரியாதையில்லை என்று பக்கத்திலேயே குந்தினார். அவரைப் பார்த்து இன்னொருவர், அப்புறம் இன்னொருவர். நாடகம் தொடங்கும்போது சுவர் நெடுக ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். போகச் சொல்லி வெளியே குரல் கொடுத்தால் உள்ளே இருக்கிறவர்கள் பயந்துவிடுவார்கள். வாயை மூடிக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் அது அபூர்வம்.

உள்ளே தொண்டை செருமும் சத்தம் கேட்டது. "அப்பு, கால் வலிக்குதாடா ராசா?"

வெளியே தலைகள் திரும்பின. பக்கத்தில் இருந்தவர் மீசையக்கா வீட்டுக்காரரின் தொடையில் தட்டினார். "ஏலே, நீ உள்ள இருக்கியா, வெளிய இருக்கியா?" சுவரோரம் முழுக்கக் குலுங்கியது. அவரும் சிரித்தார். மாட்டைக் கொஞ்சுகிற மனுஷன் என்ற பெயர் அவருக்குப் பெருமைதான் போலிருக்கிறது. அடுத்து "ஏய்" வந்தது. உள்ளே பெண்கள் சிரித்த சிரிப்பில் ஓடு பெயர்ந்துவிடும் போலிருந்தது. வெளியே யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருவர் வீட்டிலும் அந்த "ஏய்" இருந்தது.

சாவி தொலைந்து, சம்பந்திகள் பசியோடு உட்கார்ந்திருக்கும் கட்டம். பெண்டாட்டி வேஷக்காரி சொல்ல வேண்டிய ஒரு வசனம் உண்டு. ஒத்திகையில் அதைச் சேர்த்தது மீசையக்காதான். "மாட்டுக்கிட்ட அம்புட்டு வார்த்த பேசுறீகளே, அதுல ஒரு வார்த்த எங்கிட்டப் பேசக் கூடாதா?"

உள்ளே சிரிப்பு நின்றுவிட்டது. வெளியே அக்கா வீட்டுக்காரர் தலை குனிந்துகொண்டார். மீசையக்கா தொண்டையைச் செருமினாள். "செத்த நேரம் இரு, மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு மேடையை விட்டுப் போய்விட்டாள். கூரை பிய்ந்துபோகிற மாதிரி ஒரு சிரிப்பு எழுந்தது, இந்த முறை இரண்டு பக்கமும். அவர் மட்டும் எழுந்து புளியமரத்தைப் பார்த்து நடந்தார். இனி அவள் வாசற்படி தாண்ட மாட்டாள் என்றே நினைத்தேன்.

நாடகம் முடிந்ததும் கதவை லேசாகத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். பிரதிநிதி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "பார்க்கலை, கேட்டேன்னே எழுதறேன். கேட்டது போதும்னும் எழுதறேன். உங்க குழு சங்கத்துல சேர்ந்தாச்சும்மா" என்றார். கையெடுத்துக் கும்பிட்டேன். அந்த மனிதர் நினைத்திருந்தால் விதியைக் காட்டிவிட்டு அடுத்த பஸ்ஸில் போயிருக்கலாம். போகாததற்கு இன்றும் மனதார நன்றி சொல்கிறேன்.

அதோடு விட்டாரா? கோடையில் திண்டுக்கல்லில் சங்கத்தின் விழா நடக்கப் போகிறது, அங்கே இந்த நாடகத்தைப் போட வேண்டும், அது பொது மேடை, கதவைச் சாத்த முடியாது என்றும் சொன்னார். ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு எல்லாரும் புளியமரத்தைப் பார்த்தார்கள். மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவர் மெல்ல நடந்து வந்தார்.

"கதவச் சாத்தியே வைக்கச் சொல்லுங்கய்யா" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார், என்னைப் பார்க்காமல், சுவரைப் பார்த்து. "நாங்க எதிர்ல உக்காந்திருக்கோம்னு தெரிஞ்சா, இவ பயந்துக்கிட்டு அந்தச் சம்சாரிய நல்ல மனுசனா மாத்திருவா. எனக்கு இப்படியே கேக்கணும்."

என் முதுகுக்குப் பின்னால் கதவு முழுக்கத் திறந்தது. பாதி மீசை அழிந்தும் அழியாமலும் அக்கா படியில் நின்றாள். அவ்வளவு நேரம் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருக்கிறாள். அவரை நேருக்கு நேர் பார்த்தாள்.

"மாத்த மாட்டேன்" என்றாள். "தெறந்தே வைங்க டீச்சர்."