மஞ்சள் போர்டு பட்டதாரி

எங்கள் வீட்டுக் கதவுக்கு மேலே பத்தொன்பது வருடமாக ஒரு போர்டு தொங்கியது. மஞ்சள் தகடு, கறுப்பு எழுத்து. என் பெயர், அதற்குப் பின்னால் பி.காம். என் கணவர் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவர். லாரிகளுக்கு நம்பர் பிளேட் எழுதுகிற கடையில் சொல்லிச் செய்துகொண்டு வந்தார். அன்றைக்குக் கடையில் மிச்சம் இருந்தது வாடகை வண்டிகளுக்கான மஞ்சள் தகடு மட்டும்தான். அதனால் என்னைப் பார்த்தால், பர்மிட் வாங்கி ரோட்டில் ஓடுகிற வண்டி மாதிரிதான் இருந்திருக்கும்.

திருவொற்றியூரில் எங்கள் தெருவில் எதன் மேலும் கரித்தூள் படியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்டூல் போட்டு ஏறி, ஈரத்துணியால் அந்த போர்டைத் துடைப்பது அவர் வழக்கம். சாமி படத்தைக்கூட அவ்வளவு அக்கறையாகத் துடைத்து நான் பார்த்ததில்லை. துடைத்துவிட்டு இறங்கி, "இன்னா பி.காமு, டீ எதுனா கீதா?" என்பார். என் பெயரைச் சொல்லி அவர் என்னைக் கூப்பிட்டதே கிடையாது. வீட்டில் பி.காமு, போனில் பி.காமு, யார்டில் மற்ற டிரைவர்களிடம் பேசும்போது "எங்க வூட்டு பி.காமு."

இதில் ஒரே ஒரு சிக்கல்தான். நான் பி.காம் இல்லை.

மூன்று வருடமும் படித்தேன், அது நிஜம். கடைசிப் பரீட்சை முடிந்தது சித்திரையில், கல்யாணம் ஆனியில். ரிசல்ட் வருவதற்கு முன்பே பத்திரிகை அடித்தாக வேண்டும். என் அப்பா யோசிக்கவே இல்லை, என் பெயருக்குப் பக்கத்தில் பி.காம் என்று தங்க எழுத்தில் போட்டுவிட்டார். மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் வெறும் இடம். பெண் பார்க்க வந்த அன்றைக்கே அவர் என்னிடம், "பத்தாவதுல கணக்குல மூணு வாட்டி கோட்டு அடிச்சேன். நாலாவது வாட்டி பரீட்ச ஹாலுக்கே வழி மறந்துபோச்சு" என்று சொல்லிச் சிரித்தார். தோற்றதை இப்படிக் கூசாமல் சொல்கிற ஆளா என்று எனக்கு அந்த இடத்திலேயே பிடித்துப்போனது.

ஆடிக்குக் காலடிப்பேட்டையில் அம்மா வீட்டுக்கு அழைத்துப் போயிருந்தார்கள். அப்போதுதான் ரிசல்ட் வந்தது. பிரவுசிங் சென்டரில் போய்ப் பார்த்தேன். எல்லாம் பாஸ், ஸ்டாட்டிஸ்டிக்ஸ் மட்டும் முப்பத்தேழு. பாஸ் மார்க் நாற்பது. சரி, புருஷனிடம் சொல்லிவிட்டு நவம்பரில் மறுபடி எழுதிக்கொள்ளலாம் என்று ஆடி முடிந்து வந்தால், கதவுக்கு மேலே போர்டு. போர்டுக்குச் சாமந்தி மாலை வேறு. தெருவே நின்று பார்க்கிறது. அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். நவம்பரில் வயிற்றில் குழந்தை, எந்நேரமும் வாந்தி. அப்புறம் சொல்லவும் இல்லை, எழுதவும் இல்லை.

போர்டைப் பார்த்துத் தெரு என்னிடம் ஃபாரத்தோடு வர ஆரம்பித்தது. ரேஷன் கார்டு, கேஸ், பேங்க், முதியோர் பென்ஷன், எல்லாம் நான்தான் பூர்த்தி செய்து கொடுப்பேன். நான் எழுதிக் கொடுத்தால் ஆபீஸில் திருப்பி அனுப்ப மாட்டார்கள் என்று ஒரு பெயர். எனக்கும் அது பிடித்திருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்தானே.

என் மகள் பிளஸ் டூ முடித்தாள். ஒரே பெண். எங்கள் மாடியில் நின்றால் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி தெரியும். ஆனாலும் மழைக்காலம் வந்தால் தெருவில் கரன்ட் போகும். "அவ்ளோ பக்கத்துல கரன்ட் எடுக்கிறாங்க, நமக்கு ஏன்மா இல்ல?" என்று ஐந்தாம் வகுப்பிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தவள், கடைசியில் எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயரிங்தான் படிப்பேன் என்று நின்றாள். கட் ஆஃப் நன்றாகவே வந்தது. ஒரு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கல்லூரிகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஃபீஸ், பஸ் செலவு, எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும் என்று குறித்தாள். அவள் மனம் போய் நின்றது புழலைத் தாண்டி இருந்த ஒரு கல்லூரியில். லேப் நன்றாக இருக்கிறதாம், ஹாஸ்டல் தேவையில்லை, வீட்டிலிருந்தே போய் வரலாம். அவள் அப்பாவுக்கு ஒரே கவலைதான். "வெளிய யாராவது கேட்டா காலேஜு பேரச் சொல்லு. பொண்ணு புழலுக்குப் போவுதுன்னு சொல்லிடாத, ஜெயிலுன்னு நெனச்சிக்குவாங்க."

அந்த ஃபீஸ்தான் எங்களுக்கு எட்டாமல் இருந்தது. குடும்பத்தில் பெற்றோர், தாத்தா பாட்டி, கூடப் பிறந்தவர்கள் யாருமே பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் பட்டதாரி என்று சான்றிதழ் தருவார்கள். அதைக் காட்டினால் கல்லூரிக் கட்டணத்தில் பெரிய பங்கு குறையும். இவள் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி என்பதால் அரசுப் பள்ளிக்காரர்களின் ஒதுக்கீடும் இல்லை. இந்தச் சான்றிதழ்தான் ஒரே வழி.

"நமக்கு அது கெடையாது நைனா, அம்மா பி.காம் ஆச்சே" என்றாள் மகள், சோற்றைப் பிசைந்துகொண்டே.

"அப்பிடிச் சொல்லு!" என்றார் அவர். தொடையில் தட்டிக்கொண்டார். அவருக்கு அது நஷ்டமாகவே படவில்லை.

மகள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, நோட்டை எடுத்து, புழல் பக்கக் கல்லூரியின் மேல் ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டாள். கோணாமல் நேராகப் போட்டாள். பக்கத்தில் இருக்கிற காலேஜில் பி.எஸ்சி. எதுவாவது சேர்ந்துகொள்கிறேன் என்றாள். "ஏன் அடிக்கிற? நான் எக்ஸ்ட்ரா டிரிப்பு அடிச்சிட்டுப் போறேன்" என்றார் அவர். எண்ணூர் ரோட்டில் துறைமுகத்துக்குள் நுழைய வரிசையில் மணிக்கணக்காக நிற்கிற மனுஷன், இடுப்பு வலி என்று தினமும் தைலம் தேய்க்கச் சொல்கிறவர். நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் ரசம்தான் ஊற்றினேன்.

மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. என் மேல் எனக்கே அவ்வளவு கோபம் வந்ததில்லை. பெற்ற பெண்ணின் படிப்பா, வாசலில் தொங்குகிற தகடா என்று யாராவது ஊரார் கதையாக என்னிடம் கேட்டிருந்தால் பாடமே எடுத்திருப்பேன். என் கதை என்றதும் நாக்கு எழவில்லை. சான்றிதழ் கொடுக்கக் கடைசித் தேதி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

ஞாயிறு காலை அவர் வழக்கம்போல ஸ்டூலில் ஏறினார். நான் கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏங்க, அது தப்பு."

"எது? எழுத்து தப்பா? பத்தொம்போது வருசமா சொல்லல?"

"எழுத்து இல்ல. பி.காம் தப்பு. நான் ஃபெயிலு."

துணி நின்றது. அவர் இறங்கவில்லை. மேலே இருந்தபடியே, "எத்தினி மார்க்கு?" என்றார்.

"முப்பத்தேழு. நாப்பது எடுக்கணும்."

"மூணு மார்க்கா?" மெதுவாக இறங்கி என் எதிரே நின்றார். "மூணு மார்க்குக்கா இத்தினி வருசமா எங்கிட்ட பயந்துகினு இருந்த? நான் மூணு வாட்டி கோட்டு அடிச்சத மொத நாளே உன்னாண்ட சொன்னேனே."

அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், எனக்கும் வாய் உண்டு. ஈரத்துணியைக் கொடியில் காயப்போட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். அவர் மனசு நொந்துபோனது எனக்குத் தெரிந்தது. அழுகை வந்தது.

உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்ட மகள் ஓடி வந்தாள். "அம்மா, நெசமாவே ஃபெயிலாம்மா? சத்தியமா?"

"ஆமாடி."

"சூப்பர்மா!" என்று கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். அம்மா ஃபெயிலானதற்கு இவ்வளவு குதித்த பெண் ஊரிலேயே இவளாகத்தான் இருப்பாள். "மார்க் ஷீட்டு எங்க?" என்றாள். அவளுடைய தடுப்பூசி அட்டை வைத்திருக்கும் பிளாஸ்டிக் கவரில், அட்டைக்குப் பின்னால் இருந்தது. அவள் அப்பா அந்தக் கவரைத் தொட மாட்டார் என்று அங்கே ஒளித்து வைத்திருந்தேன். மடிப்பில் கிழியப் பார்த்தது, ஆனால் முப்பத்தேழு தெளிவாகத் தெரிந்தது.

இ-சேவை மையத்தில் விண்ணப்பித்த நாலாம் நாள் வி.ஏ.ஓ. நேரில் விசாரிக்க வந்தார். அந்த ஆளின் கண் முதலில் போனது கதவுக்கு மேலேதான். அவசரத்தில் போர்டைக் கழற்ற வேண்டும் என்பதே எங்கள் மூன்று பேருக்கும் தோன்றவில்லை.

"என்னம்மா, வீட்ல பட்டதாரி யாரும் இல்லன்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க. வாசல்ல பி.காம்னு தொங்குது?"

நான் வாயைத் திறப்பதற்குள் எதிர் வீட்டு அக்கா குறுக்கே வந்துவிட்டார். எனக்கு நல்லது செய்கிறாராம். "சார், எங்க பி.காமுவப் பத்தி யார வேணாக் கேளுங்க! டிகிரி படிச்சவங்க சார். தெருவுக்கே அவங்கதான் ஃபாரம் எழுதுறது!" சத்தம் கேட்டு நாலு வீட்டுக் கதவு திறந்தது.

இனி மறைக்க என்ன இருக்கிறது? தெருவின் நடுவில் நின்று, மார்க் ஷீட்டை நீட்டி, "நான் பி.காம் ஃபெயிலு சார். ஸ்டாட்டிஸ்டிக்ஸ்ல போச்சு. அப்புறம் எழுதவே இல்ல" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். வி.ஏ.ஓ. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தார். "இதுல ஒரு ஜெராக்ஸ் கொடுங்க. இந்த போர்டைக் கழட்டிடுங்கம்மா, நாளைக்கு வேற யாராவது பார்த்துட்டு மேல புகார் எழுதிப் போட்டா எனக்குப் பேஜாரு" என்றார்.

என் கணவர் வெளியே வந்தார், ஸ்க்ரூ டிரைவரோடு. ஸ்டூலில் ஏறிக் கழற்றினார். போர்டு இருந்த இடத்தில் மட்டும் சுவர் புதுச் சுண்ணாம்பு அடித்தது போல் வெள்ளையாக இருந்தது. தகட்டைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்தார். "நாலு வருஷம் அங்கயே இருக்கட்டும் நைனா. எனக்கு முன்னாடி அம்மா பாஸ் பண்ணிட்டா எனக்குத்தான் பேஜாரு" என்றாள் மகள். அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் எதிர் வீட்டு அக்கா கேஸ் ஃபாரத்தோடு வந்து நின்றார். நான் தயங்கியதைப் பார்த்து, "ஃபெயிலானா இன்னா? கையெழுத்து நல்லாத்தான கீது, எழுது" என்றார். தெரு என்னை ஒரே நாளில் மன்னித்துவிட்டது. வீட்டில் அது நடக்கவில்லை. அவர் சண்டை போடவில்லை, சாப்பிடாமல் இருக்கவில்லை. கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டார். "தோ பாரு" என்பார், இல்லாவிட்டால் மகளிடம் சொல்லி அனுப்புவார். பி.காமு என்று கூப்பிட முடியாது, வேறு எப்படிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை போல. அந்த ஒரு சொல் இல்லாமல் எனக்கு வீடே பிடிக்கவில்லை. டீ கூட அவர் கேட்காமலேயே போட்டு வைக்க வேண்டியிருந்தது.

சான்றிதழ் வந்தது. மகள் நோட்டில் அடித்த கோட்டை அழித்து, கவுன்சலிங்கில் அந்தக் கல்லூரியையே முதலில் போட்டாள், எலெக்ட்ரிக்கல் கிடைத்தது. சேர்க்கை அன்று மூன்று பேரும் பஸ் ஏறிப் போனோம். அவர் கல்யாணத்துக்குப் போடுகிற சட்டையில் வந்தார், வழியெல்லாம் மகளிடம்தான் பேசினார்.

அங்கே ஃபாரத்தை என் கையில் கொடுத்தார்கள். எனக்கு இது தண்ணீர் பட்ட பாடு, மளமளவென்று எழுதிக்கொண்டு போனேன். தாயின் கல்வித் தகுதி என்ற கட்டம் வந்தது. பன்னிரண்டு வருடம் பள்ளிக்கூட ஃபாரத்தில் எழுதிப் பழகிய கை, தானாகவே 'பி' என்று எழுதிவிட்டது. நிறுத்தி, அதை அடித்து, பக்கத்தில் பிளஸ் டூ என்று எழுதினேன். "அடிச்ச எடத்துல ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா" என்றார் கவுன்டரில் இருந்தவர். போட்டேன். தோளுக்குப் பின்னால் யாரோ மூச்சு விடுவது கேட்டுத் திரும்பினேன். அவர் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் நெருக்கியடிக்கும் கூட்டம். அவர் பின் படிக்கட்டில் முதலில் பாய்ந்து ஏறி, கர்ச்சீப் போட்டு இடம் பிடித்துவிட்டார். நானும் மகளும் படிக்கட்டிலேயே மாட்டிக்கொண்டோம். அத்தனை தலைகளுக்கு மேலே அவர் குரல் வந்தது.

"ஏ பிளஸ் டூ! தோ இங்க ஜன்னல் சீட்டு கீது, வா!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. யார் அந்த பிளஸ் டூ என்று கண்டக்டரும் தேடினார். மகள் என் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். "வந்துட்டேங்க!" என்று நானும் அதே சத்தத்தில் சொல்லிக்கொண்டு, கூட்டத்தை இடித்துத் தள்ளி உள்ளே போனேன்.