இறுதிக்கு முந்தைய சனிக்கிழமை

மைதான வாசலில் நுழைவு ரிக்கற் பார்க்கிறவனுக்கு ஆட்டம் தெரியத் தேவையில்லை, ஆட்கள் வருவார்களா என்பது மட்டும் தெரிந்தால் போதும். மணிக்கணக்குக் கூலிக்கு எங்கேயாவது ஒரு வாசலில் கால் கடுக்க நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நான் படகில் அகதியாக வந்தவன். 2011 கடைசியில் தடுப்பு முகாமிலிருந்து வெளியே விட்டபோது, வேலை செய்யும் அனுமதியோடு ஒரு தற்காலிக விசா தந்தார்கள். என் அகதி வழக்கு முடியும்வரை அதைக் குடிவரவு அலுவலகம் புதுப்பித்துத் தரவேண்டும். அதை நம்பி மெல்பேர்ண் மைதானம் ஒன்றில் இரண்டு பருவம் நின்றேன்.

இங்கே ஃபுட்டி என்பது முட்டை வடிவப் பந்தைக் கையாலும் காலாலும் துரத்துகிற ஆட்டம். செப்டம்பர் கடைசியில் இறுதி ஆட்டம். அதற்கு முந்தைய கிழமை வென்றவர்கள்தான் அதற்குப் போகலாம். இறுதிக்குக் கோட்டுப் போட்ட கம்பனி ஆட்கள் நிறைய வருவார்கள். வாய்விட்டு அழுகிற ரசிகர்கள் வருவது அந்த முந்தைய சனிக்கிழமைக்குத்தான். எங்களுக்கும் அதுதான் பெரிய நாள். அன்று நின்றவர்களின் பெயர்களைத்தான் அடுத்த வருடப் பட்டியலில் முதலில் போடுவார்கள்.

எந்தப் பக்கம்?

முதல் நாளே தன் அணியின் சிவப்புக் கம்பளிச் சால்வை போட்ட ஒரு வெள்ளைக்கார மனுசி, ரிக்கற்றை நீட்டிக்கொண்டே நான் எந்தப் பக்கம் என்று கேட்டா. போர் முடிந்து எங்களை அடைத்த வவுனியா முகாமில் இதே கேள்வியை இராணுவத்தினர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டார்கள். அதற்குச் சரியான பதில் என்று ஒன்று இருக்கவில்லை. பழக்கதோசத்தில், “நான் ஒரு பக்கமும் இல்லை அம்மா, எனக்கு ஒருவரையும் தெரியாது” என்று ஒப்பித்துவிட்டேன்.

மனுசி என்னை ஏற இறங்கப் பார்த்தா. அவ சொன்னதை என் தமிழில் சொல்கிறேன்: “ஏதோ ஒரு பக்கம் நில் மகனே, இல்லாட்டில் இந்த ஊரில ஒருத்தரும் உன்னை நம்பமாட்டினம்.”

அர்ச்சனை

எங்களுக்கு வேலை வருவதும் போவதும் குறுஞ்செய்தியில். மெல்பேர்ண் அணிகள் இரண்டு மோதினால் மைதானம் நிரம்பும், எல்லோருக்கும் வேலை. வெளிமாநில அணி ஒன்று வந்தால் மேல்தட்டுக் கதிரைகள் காலியாகக் கிடக்கும், எங்களில் பாதிப்பேரை வரவேண்டாம் என்பார்கள். ஆகவே உள்ளூர் அணிகள் வெல்லவேண்டும் என்று ஆட்டக்காரனின் தாயை விட உருக்கமாக நாங்கள் வேண்டிக்கொள்வோம்.

என்னோடு வாசலில் நின்ற செந்தில் திண்டுக்கல்காரன், கிளேட்டன் பக்கம் பல்கலைக்கழகத்தில் படிக்கிறவன். 2012இல் சிவப்பு அணி முந்தைய சனிக்கிழமைக்கு வந்தே ஆகவேண்டும் என்று கேரம் டவுன்ஸ் கோவிலுக்குப் போய் அர்ச்சனைத் தட்டே வாங்கிவிட்டான். திரும்பி வந்தவன் முகம் தொங்கியிருந்தது. “டீம் பேரைச் சொன்னேன் அண்ணே, ஐயர் எந்த நட்சத்திரம்னு கேக்குறாரு!”

முதுகு

சனம் உள்ளே போன பிறகு எங்களில் சிலரை வேலியோரம் இருத்துவார்கள். மைதானத்துக்கு முதுகு, சனத்துக்கு முகம். யாரும் வேலி பாயாமல் பார்க்க வேண்டும். திரும்பி ஆட்டம் பார்த்தால் அடுத்த கிழமை வேலை இல்லை. இரண்டு பருவத்தில் ஒரு கோல் கூட நான் பார்க்கவில்லை. கோல் விழுந்தால் மனிதருக்கு வாய் எவ்வளவு அகலம் திறக்கும் என்பது மட்டும் அத்துப்படி.

ஒருநாள் முன்வரிசைக்காரர் ஒருவர் கையைக் கையை ஆட்டினார். தண்ணீர் ஏதும் தரப்போகிறாரோ என்று நன்றியோடு எழுந்தேன். “குனி மேட், மறைக்குது. உனக்குத்தான் பார்க்க ஒண்டும் இல்லையே!”

இடம்

2013 தேர்தல் காலம். படகுகளை நிறுத்துவோம் என்ற பேச்சு ரேடியோவைத் திறந்தாலே கேட்டது. நான் காவல் பார்க்கிற பகுதியில் ஆட்டம் பார்க்க வந்த தடித்த மனிதர் ஒருவர், இடைவேளையில் நான் எந்த நாடு என்று விசாரித்தார். சொன்னேன். நான் நல்லவன்தானாம், ஆனால் நாடு நிரம்பிவிட்டதாம், இனி ஒரு ஆளுக்கும் இடமில்லையாம். சிரித்தேன். சிரிப்பதும் எங்கள் பயிற்சியில் ஒரு பாடம்.

ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில் அவருடைய கூட்டாளி நின்று பார்க்கிற ரிக்கற்றோடு வந்து சேர்ந்தார். சட்டப்படி நான் அவரைத் திருப்பி அனுப்ப வேண்டும். வாய் திறப்பதற்குள் தடித்தவர் வரிசை முழுவதையும் பார்த்துக் குரல் கொடுத்தார்: “எல்லாரும் கொஞ்சம் தள்ளி இருந்தா இன்னொருத்தனுக்குத் தாராளமா இடம் வரும்!”

வியாழக்கிழமை

அந்த வருடம் அர்ச்சனை தேவைப்படவில்லை. மோதிய இரண்டும் மெல்பேர்ண் அணிகள், ரிக்கற் முழுவதும் முடிந்துவிட்டது. பட்டியலில் என் பெயரும் இருந்தது. என் விசாதான் ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால், வியாழக்கிழமை முடிந்தது. அதைப் புதுப்பிக்கிற கடிதத்துக்கு மாதக்கணக்கில் காத்திருந்தேன். கேட்டபோதெல்லாம் வரும் என்றார்கள். வியாழன் பின்னேரம் மேற்பார்வையாளர் டெபி போனில் கூப்பிட்டா. கம்ப்யூட்டரில் என் பெயர் சிவப்பாக வருகிறதாம். தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று மூன்று முறை சொன்னா.

அன்றிரவு வவுனியாவிலிருந்து மனைவி போன் எடுத்தாள். “சனிக்கிழமை வேலைதானே?” என்றாள். “ஓம்” என்றேன். பிரிந்திருந்த வருடங்களில் அவளுக்கு நான் சொன்ன பொய்களில் இதுதான் மிகச் சிறியது, இதற்குத்தான் அதிகம் வெட்கப்பட்டேன்.

வெள்ளிக்கிழமை டெபி தன் கணக்கில் கிடைத்த இலவச ரிக்கற் ஒன்றை என் கையில் வைத்து அழுத்தினா. “வேலை செய்யத்தான் உனக்கு அனுமதி இல்லை. வந்து கத்தலாம், அதுக்கு ஒரு அனுமதியும் தேவையில்லை.”

சனிக்கிழமை

போகக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் மனைவிக்கு வேலை என்று சொல்லிவிட்டு அறையில் படுத்திருக்க முடியவில்லை. வரிசையில் முக்கால் மணித்தியாலம் நின்றேன். முன்னால் நின்ற மனிதர் கிட்னி மாற்றிய பிறகு வருகிற முதல் ஆட்டம் என்றார், பின்னால் ஒரு பெண் செத்த தகப்பனின் சால்வையைப் போட்டிருந்தாள். அவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நாள் என்று எனக்குப் புரிந்தது.

என் வழக்கமான வாசலில் செந்தில் நின்றான். என் இடத்தில் ஒரு புதுப் பெண். என்னைக் கண்டதும் செந்தில் ரிக்கற்றைத் தலைகீழாகக் கருவியில் காட்டினான். கருவி இரண்டாம் முறைதான் பச்சை காட்டியது. டெபி பின்னால் நின்றா. உள்ளே போகிற ஒவ்வொருவருக்கும் சொல்லியே தீரவேண்டிய ஒரு வசனம் எங்களுக்கு உண்டு. செந்தில் என் முகத்தைப் பார்க்காமல் அதைச் சொன்னான்: “என்ஜாய் த கேம், சார்.”

உள்ளே போய் ஆட்டம் பார்க்க எனக்கு ரிக்கற் வந்தது, உள்ளே போய் வேலை பார்க்கக் கடிதம்தான் வரவில்லை. இரண்டுக்கும் வாசல் ஒன்றுதான்.