ஏழாவது ஆள்

அக்காவின் மகள் பெரியபிள்ளையானபோது நடந்த சாமத்தியவீட்டின் ஆல்பத்தில் ஒரு படம் இருக்கிறது. பட்டுச் சேலைகளுக்கு நடுவே, முழங்கால்வரை சேற்றோடு, அரைக்காற்சட்டை போட்ட ஒரு வெள்ளைக்காரக் கிழவர் வடை தின்கிறார்.

தொண்ணூறுகளில் நான் நியூசிலாந்தில், மனுரேவாவில் ஒரு கிடங்கில் வேலை செய்தேன். அந்தக் கிழவர் அங்கே வாசல் காவலாளி. தான் ஐம்பதுகளில் இங்கிலாந்தில் உதைபந்து ஆடிச் சம்பளம் வாங்கியவன் என்றார். பொய் என்று முகத்துக்கு நேரே சொன்னேன். அப்படிப்பட்டவனுக்குப் பங்களா இருக்கும், கேட்டில் என்ன வேலை? அவர் கோபிக்கவில்லை. அந்தக் காலத்தில் சம்பளத்துக்கு உச்சவரம்பாம். கோடையில் வீடுகளுக்குப் பெயின்ற் அடிப்பாராம். ஆட்டத்துக்கு ரசிகர்களோடு ஒரே பஸ்ஸில் போவாராம். தோற்றால் திரும்பி வருகிற பஸ்தான் ஆட்டத்தைவிடக் கஷ்டம் என்று சொல்லிச் சிரிப்பார்.

சாமத்தியவீடும் எங்கள் உதைபந்து அணியின் அந்த வருடக் கடைசி ஆட்டமும் ஒரே சனிக்கிழமை வந்தன. பாதி அணி மண்டபத்தில் வாழை கட்டப் போய்விட்டது. மைதானத்துக்கு வந்தது ஆறு பேர். பதினொரு பேருக்குக் குறைந்தது ஏழு பேராவது இல்லாவிட்டால் ஆட்டம் இல்லை. ஏற்கெனவே ஒரு ஆட்டத்தைக் கைவிட்டிருந்தோம். இதையும் விட்டால் லீக்கில் இடம் போய்விடும். வேடிக்கை பார்க்க வந்த கிழவர் காரிலிருந்து பழைய தோல் சப்பாத்தை எடுத்துக் கட்டினார். நடுவர் அவருடைய பெயரை எழுதிக்கொண்டார்.

எழுபதை நெருங்கிய மனுசன் ஓடவில்லை. பந்து விழும் இடத்தில் முன்பே நின்றார். முதல் பந்தை நெஞ்சில் வாங்கி, பார்க்காமலே என் காலடிக்கு அனுப்பினார். எனக்கு வெட்கமாகிவிட்டது.

அந்த வெட்கத்திலும் வாய் அடங்கவில்லை. நடுவரைத் திட்டி மஞ்சள் அட்டை வாங்கினேன். இன்னொன்று வாங்கினால் நான் வெளியே, நாங்கள் ஆறு பேர், எல்லாம் முடிந்தது.

"அண்ணை, வாயைப் பொத்துங்கோ. கும்பிட்டுக் கேக்கிறம்" என்றான் எங்கள் கோல் காப்பாளன்.

பிறகு ஒரு தடியன் கிழவரை இடித்து விழுத்தினான். நான் நடுவரை நோக்கிப் பாய்ந்தேன். சேற்றில் இருந்தபடியே கிழவர் என் காலுறையைப் பிடித்துக்கொண்டார். "நீ போய்க் கோலுக்கு முன்னால் நில்" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு போய் நின்றேன். இடித்ததற்குக் கிடைத்த உதையில் அவர் தூக்கித் தந்த பந்தைத் தலையால் முட்டினேன். கோல்.

ஆறுக்கு ஒன்று தோற்றோம். ஆட்டத்தை முடித்தோம், லீக்கில் நின்றோம்.

உடுப்பு மாற்ற நேரமில்லை. மாமன் நான் வராமல் பிள்ளைக்குத் தண்ணீர் வார்க்கமாட்டார்கள். கிழவரையும் ஏற்றிக்கொண்டு ஓடினேன். பொய் என்று சொன்னதற்குக் காரில் மன்னிப்புக் கேட்டேன். தோற்றுத் திரும்புகிற பயணம் இவ்வளவு நன்றாக இருந்ததே இல்லை என்றார்.

மண்டப வாசலில் அக்கா நின்றாள்.

"ஆறு கோல் வாங்கிப்போட்டு உனக்கென்னடா இளிப்பு? பாவம், அந்த மனுசனுக்கு முதல்ல சாப்பாடு குடு."

போன கிழமை அதே அக்கா மகளின் மகன் ஆல்பத்தைப் புரட்டினான். படத்தில் விரலை வைத்து, இவர் யார், சொந்தக்காரரா என்று இங்கிலீசில் கேட்டான்.

"ஓம்" என்றேன். "எங்கட ஏழாவது ஆள்."